சூப்பர்கார் என்று எதைச் சொல்வீர்கள்? நேரில் பார்த்தவர்கள், உட்கார்ந்து போனவர்கள் எழுதுங்கள்

(தொடங்கியவர், பொலோன்யாவிலிருந்து)

எத்தனை குதிரைத்திறன், நூறை எத்தனை நொடியில் தொடும் என்று பட்டியல் போட்டு, இது சூப்பர்கார், இது இல்லை என்று பிரிப்பவர்களோடு எனக்கு ஒத்தே போவதில்லை. காரணம் சொல்கிறேன். வேலைக்காக நான் இருக்கும் பொலோன்யாவிலிருந்து அரை மணி நேரம் போனால் சாந்தாகதா என்ற சின்ன ஊர். சுற்றிலும் வயல், நடுவில் லம்போர்கினி தொழிற்சாலை, அதை ஒட்டியே அவர்கள் அருங்காட்சியகம். அங்கே அவர்களின் மியூரா என்ற பழைய காரைப் பார்த்தேன். படத்தில் பார்ப்பது வேறு. நேரில் அது அவ்வளவு தாழ்வாக இருக்கிறது, கூரையைப் பார்க்கவே குனிய வேண்டும்.

1965 டூரின் கார் கண்காட்சியில் மியூராவின் உடலே இல்லாத வெறும் சேசிஸை, அதாவது அடிச்சட்டத்தைத்தான் வைத்தார்கள். துளை போட்ட இரும்புத் தகடு, அதில் குறுக்காகப் படுக்கவைத்த 12 சிலிண்டர் இன்ஜின். அவ்வளவுதான். அதைப் பார்த்தே ஆட்கள் வாங்க வந்துவிட்டார்கள். அடுத்த ஆண்டு ஜெனீவாவில் பெர்டோனே என்ற கார் வடிவமைப்பு நிறுவனத்துக்காக மார்செல்லோ காந்தினி வரைந்த உடலோடு வந்தது. பொறியாளர்கள் தல்லாரா, ஸ்டான்சானி, சோதனை ஓட்டுநர் பாப் வாலஸ், காந்தினி, இவர்களில் யாருக்கும் அப்போது முப்பது வயது ஆகவில்லை. அந்த வயதின் துணிச்சல் காரில் தெரிகிறது. ஓட்டுபவரின் பிடரிக்குப் பின்னால் ஒரு கண்ணாடி, அதற்கு அந்தப் பக்கம் இன்ஜின். இடம் போதாது என்று கியர்பாக்ஸையும் இன்ஜினோடு ஒரே வார்ப்பில் சேர்த்து, இரண்டுக்கும் ஒரே எண்ணெய் ஓட விட்டார்கள். பெட்ரோல் தொட்டி முன்னால் இருந்ததால், பெட்ரோல் குறையக் குறைய வேகத்தில் மூக்கு தூக்கும்.

350 குதிரைத்திறன். இன்றைக்கு ஒரு நல்ல செடானில் கூட அது கிடைக்கும். ஆனால் இன்ஜினை எங்கே வைப்பது என்று முதலில் முடிவு செய்துவிட்டு, மனிதன், பெட்டி, சூடு, சத்தம் எல்லாவற்றையும் அதற்கு ஏற்ப ஒதுங்கச் சொன்ன கார் அது. என் கணக்கில் சூப்பர்கார் என்றால் இதுதான். உங்கள் அனுபவம் என்ன?

* * *

(லண்டனிலிருந்து)

இங்கிலாந்தின் குட்வுட் கார் திருவிழாவுக்குப் போயிருக்கிறீர்களா யாராவது? அங்கே கார்களை நிறுத்தியிருக்கும் இடத்துக்குள் பார்வையாளர்களும் நடந்து போகலாம், கயிறு கட்டித் தள்ளி நிறுத்தமாட்டார்கள், அதனால் ஃபெராரி எஃப்40 ஒன்றின் கதவருகே போய் நிற்க முடிந்தது. சிவப்பு வண்ணத்தை அவ்வளவு மெல்லிசாக அடித்திருக்கிறார்கள், அடியில் இருக்கும் கார்பன் இழையின் நெசவு வெளியே தெரிகிறது! எடை கூடக் கூடாது என்பதற்காக. உள்ளே கம்பளம் இல்லை, ரேடியோ இல்லை, கதவைத் திறக்கக் கைப்பிடிகூட இல்லை, ஒரு கம்பியை இழுக்க வேண்டும். ஸ்டீயரிங்குக்கும் பிரேக்குக்கும் எந்த உதவியும் கிடையாது, எல்லாம் ஓட்டுபவரின் கையும் காலும்தான்.

1987-இல், ஃபெராரியின் நாற்பதாம் ஆண்டுக்காக வந்தது. நிறுவனர் என்ஸோ ஃபெராரி உயிரோடு இருந்தபோது வெளிவந்த கடைசிப் புது மாடல் என்றே இதைச் சொல்வார்கள், அடுத்த ஆண்டு அவர் போய்விட்டார். அதன் 2.9 லிட்டர் வி8 (எட்டு சிலிண்டர்) இன்ஜினை அவர்கள் கிளப்பியபோது நான் எதிர்பார்த்த இனிமையான சத்தம் வரவில்லை, வெடிப்பும் டர்போ சீறலுமாக ஒரு முரட்டுச் சத்தம், நெஞ்சில் இடித்தது. பக்கத்தில் நின்ற ஒரு பையன் காதைப் பொத்திக்கொண்டே சிரித்துக்கொண்டிருந்தான்.

தொடங்கியவர் சொன்னதை ஒத்துக்கொள்கிறேன், ஒன்று மட்டும் சேர்க்கிறேன். இன்ஜின் நடுவில், அதாவது ஓட்டுபவருக்குப் பின்னால், இருந்தால் மட்டும் போதாது. எதை விட்டுக்கொடுத்தார்கள் என்று பார்க்க வேண்டும். கோடைக் காலத்தில் நைட்ஸ்பிரிட்ஜ் பக்கம் போனால் வளைகுடா நாட்டு நம்பர் பிளேட்டோடு விலை உயர்ந்த கார்கள் வரிசையாக நிற்கும், அதில் பல எனக்குச் சொகுசு கார்கள்தான், விலை எவ்வளவாக இருந்தாலும் சரி.

* * *

(சென்னையிலிருந்து)

ஞாயிறு காலை வெயில் ஏறும் முன் ஈசிஆர் பக்கம் வந்தால் இந்த ஊரிலும் பார்க்கலாம். தெரிந்தவர் ஒருவரின் லம்போர்கினி ஹுராக்கானில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து மகாபலிபுரம் வரை போனேன். 5.2 லிட்டர் வி10, டர்போ கிடையாது. எட்டாயிரம் சுற்றைத் தாண்டும்போது வரும் அந்தச் சத்தத்தை எழுதிக் காட்ட எனக்குத் தெரியாது.

ஆனால் அதைவிட என் நினைவில் நிற்பது ஸ்பீடு பிரேக்கர்தான். ஒவ்வொன்றுக்கும் முன்னால் பட்டனை அழுத்தி மூக்கைத் தூக்கி, கொஞ்சம் சாய்வாக ஏற்றி, இறக்கி, மறுபடி பட்டன். குறி போடாத ஸ்பீடு பிரேக்கர் எங்கே இருக்கிறது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். இவ்வளவு பாடுபட்டுத்தான் ஓட்ட முடியும் என்றாலும் அவர் முகத்தில் அலுப்பே இல்லை. எந்த ரோட்டுக்கும் ஒத்துப்போகும்படி செய்திருந்தால் அந்தக் கார் அந்தக் காராக இருந்திருக்காது.

* * *

(யோகஹாமாவிலிருந்து)

நீங்கள் சொல்லும் இலக்கணத்தில் ஹோண்டா என்எஸ்எக்ஸ் எங்கே வரும்? இங்கே கடற்கரை விரைவுச் சாலையில் டைகோகு என்று ஒரு பார்க்கிங் இடம் இருக்கிறது, ராத்திரி நேரத்தில் கார் பித்தர்கள் எல்லாம் கூடுவார்கள். அங்கே பழக்கமான ஒருவர் தன் 1990-களின் என்எஸ்எக்ஸில் என்னை ஏற்றிக்கொண்டு போனார். ஏறுவது சுலபம். உள்ளே உட்கார்ந்தால் நாலு பக்கமும் தெளிவாகத் தெரிகிறது, எஃப்-16 போர் விமானத்தின் காக்பிட்டைப் பார்த்து அமைத்தது அது. ஏசி வேலை செய்கிறது, பின்னால் பெட்டி வைக்க இடமும் இருக்கிறது. எதையும் விட்டுக்கொடுக்கவில்லை! அதே சமயம் இன்ஜின் நடுவில், முழு உடலும் அலுமினியம். தயாரிப்புக்கு வரும் முன் சுசூகா பந்தயத் தடத்தில் ஓட்டிப் பார்த்த ஃபார்முலா 1 ஓட்டுநர் செனா, உடல் இன்னும் விறைப்பாக வேண்டும் என்று சொல்ல, ஹோண்டா திரும்பப் போய் அதைச் சரிசெய்தது. கார்டன் மர்ரே மெக்லாரன் எஃப்1-ஐ வடிவமைத்தபோது தனக்கு அளவுகோலாக வைத்துக்கொண்டது இதைத்தான். அந்த எஃப்1 1998-இல் மணிக்கு 386 கிலோமீட்டர் தொட்டது.

ஆகவே கஷ்டப்படுத்தினால்தான் சூப்பர்கார் என்பதை நான் ஏற்கமாட்டேன். நிசான் ஜிடி-ஆர் ஆர்35-ஐயும் சேர்ப்பேன். இன்ஜின் முன்னால்தான், நாலு சீட்தான். ஆனால் ஒவ்வொரு இன்ஜினையும் தனி ஒரு கைவினைஞரே இங்கே யோகஹாமாவில் முழுதாகக் கோத்து, தன் பெயர்த்தகட்டை அதில் பதித்தார். 2007-இல் வந்தபோது தன்னைவிட இரண்டு மடங்கு விலையுள்ள கார்களை விரட்டியது.

* * *

(கலிபோர்னியாவிலிருந்து)

டெஸ்லாவின் மின்சாரக் கார் மாடல் எஸ் பிளாடில் போயிருக்கிறேன். 1,020 குதிரைத்திறன், ஐந்து பேர் உட்காரலாம். மிதித்த நொடி தலை பின்னால் ஒட்டிக்கொண்டது, வயிறு கலங்கியது. இரண்டாவது முறையும் அதே, மூன்றாவது முறை போதும் என்று ஆகிவிட்டது. வளைவில் அதன் இரண்டு டன் எடை நன்றாகவே தெரிகிறது. வேகம் மட்டும்தான் கணக்கு என்றால் மியூரா, எஃப்40 எல்லாவற்றையும் இந்தக் குடும்பக் கார் தோற்கடிக்கும். அதனால்தான் வேகத்தை வைத்து முடிவு செய்ய முடியாது என்கிறேன்.

* * *

(தொடங்கியவர்)

யோகஹாமா நண்பரே, என்எஸ்எக்ஸை மனதார ஒத்துக்கொள்கிறேன். அதுவும் இன்ஜினை முதலில் வைத்துவிட்டு யோசித்த கார்தான், பிறகு மனிதனுக்கும் மரியாதை கொடுத்தார்கள், அது திறமை. ஜிடி-ஆர் விஷயத்தில் மட்டும் நான் அசையமாட்டேன். அற்புதமான கார், ஆனால் அதன் தொடக்கம் நாலு பேர் உட்காரும் ஒரு கூபே. லண்டன் நண்பர் சொன்ன விட்டுக்கொடுத்தல் அதில் நடக்கவே இல்லை.

இப்போது லம்போர்கினியே ஹுராக்கானை நிறுத்திவிட்டு டெமெராரியோ கொண்டுவந்திருக்கிறது, 4 லிட்டர் இரட்டை டர்போ வி8, கூடவே மூன்று மின்மோட்டார், பத்தாயிரம் சுற்று வரை போகும். இன்ஜின் இன்னும் நடுவில்தான், அதனால் எனக்குக் குழப்பம் இல்லை. குழப்பம் குரோஷியாவின் ரிமாட்ஸ் நெவேராவில்தான். நாலு சக்கரத்துக்கும் நாலு மின்மோட்டார், 1,914 குதிரைத்திறன், வடிவமைப்பில் எந்தச் சமரசமும் தெரியவில்லை, ஆனால் நடுவில் வைக்க இன்ஜினே இல்லை. துபாயிலோ ஐரோப்பாவிலோ அதில் உட்கார்ந்து போனவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள். நேர்க்கோட்டில் எப்படி என்று வேண்டாம், வளைவில் எப்படி இருந்தது என்று சொல்லுங்கள்.