1660இல் வென்றது மன்னரா, நாடாளுமன்றமா?

வைகறை:
மன்னர் முதலாம் சார்லஸின் தலையை 1649இல் வெட்டிய இங்கிலாந்து, 11 ஆண்டுகள் கழித்து அவர் மகன் இரண்டாம் சார்லஸைக் கூப்பிட்டு அரியணையில் உட்கார வைத்தது. இதை நாடாளுமன்றத்தின் தோல்வி என்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. மகன் படை திரட்டி வென்று வரவில்லை. நாடாளுமன்றம் அழைத்து வந்தார். எதிர்ப்பவர்களைத் தண்டிக்க மன்னர் பயன்படுத்திய ஸ்டார் சேம்பர் நீதிமன்றமும், நாடாளுமன்றத்தைக் கேட்காமல் வசூலித்த கப்பல் வரியும் 1641இல் ஒழிந்தன; அவை அவரோடு திரும்பவில்லை.

ஓலைநறுக்கு:
அழைத்தவரை விடுங்கள், வந்தவரைப் பாருங்கள். 1660இல் இயற்றிய சட்டங்களில் ‘சார்லஸின் 12ஆம் ஆட்சியாண்டு’ என்றிருக்கும். நாடு திரும்பிய முதல் ஆண்டே பன்னிரண்டாம் ஆண்டு! தந்தை இறந்த நாள் முதல் தாமே மன்னர், இடையில் நடந்தது எதுவும் செல்லாது என்று பொருள். மன்னர் இல்லாத இடைக்காலத்தில் நாட்டை ஆண்ட க்ராம்வெல்லின் பிணத்தைக்கூடத் தோண்டியெடுத்து, 1661 ஜனவரி 30இல், அதாவது தந்தையின் நினைவு நாளில், தூக்கில் தொங்கவிட்டார்கள்.

வைகறை:
தோண்டச் சொன்னதே நாடாளுமன்றம்தான் ஐயா!

பணத்துக்கு வாருங்கள். ஆண்டுக்கு 12 லட்சம் பவுண்டு என்று மன்னருக்கு நிர்ணயித்தார்கள். வசூல் அதை எட்டவில்லை. 1662இல் அடுப்புக்கு 2 ஷில்லிங் வரி போட்டு, வீடு வீடாக நுழைந்து அடுப்பை எண்ணினார்கள். அதுவும் போதவில்லை. டச்சுக்காரர்களோடு போர் நடந்தபோது மாலுமிகளுக்குச் சம்பளத்துக்குப் பதில், பிறகு பணம் தருவதாகச் சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். பெரிய போர்க்கப்பல்கள் மெட்வே ஆற்றில் சும்மா நின்றன. 1667 ஜூனில் டச்சுக்காரர்கள் காவல் சங்கிலியைத் தகர்த்து உள்ளே வந்து, ‘ராயல் சார்லஸ்’ கப்பலை இழுத்துக்கொண்டு போனார்கள். 1660இல் மன்னரை ஏற்றி வந்த அதே கப்பல்! அதன்பின் நாடாளுமன்றம் ஆணையம் அமைத்துப் போர்ச் செலவுக்குக் கணக்குக் கேட்டது.

கரைவேட்டி:
இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். அந்தக் கப்பலின் பின்புறச் சின்னம் இன்றும் ஆம்ஸ்டர்டாம் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கப்பலின் பழைய பெயர் ‘நேஸ்பி’, தந்தை தோற்ற போர்க்களத்தின் பெயர்.

ஓலைநறுக்கு:
அருமையான தகவல். ஆனால் கணக்குக் கேட்டதும் மன்னர் பணிந்தாரா? 1670இல் பிரான்சின் பதினான்காம் லூயியோடு ரகசிய ஒப்பந்தம் போட்டுப் பணம் வாங்கினார். 1681இல் ஆக்ஸ்போர்டில் கூட்டிய நாடாளுமன்றத்தை ஒரே வாரத்தில் கலைத்தார். 1685இல் இறக்கும்வரை மறுபடி கூட்டவே இல்லை. மூன்றாண்டுக்கு ஒருமுறையாவது கூட்ட வேண்டும் என்று 1664இல் போட்ட சட்டம் காகிதத்தில் இருந்தது.

வைகறை:
அதை மறுக்கவில்லை. சுங்க வருமானம் பெருகியிருந்ததால் அவரால் முடிந்தது. அதனால்தானே, அவருக்கும் அடுத்து ஆண்ட அவர் தம்பி இரண்டாம் ஜேம்ஸுக்கும் ஆயுள் முழுவதும் கொடுத்த சுங்க வரியை, 1690இல் ஜேம்ஸுக்குப் பின் மன்னரான மூன்றாம் வில்லியமுக்கு நான்கே ஆண்டுகளுக்குக் கொடுத்தார்கள்?

ஓலைநறுக்கு:
நீங்களே சொல்லிவிட்டீர்கள். நாடாளுமன்றத்தின் பிடி 1690இல் இறுகியது என்றால், வெற்றியை 1660இன் கணக்கில் ஏன் எழுதுகிறீர்கள்?