யுகே வந்தாச்சு, வாடகை ரூமில் ஒரு சின்ன மேசை: பெரிய மானிட்டர் வாங்கப் போறவங்களுக்கு

கேள்வி: அண்ணா, ஸ்கில்ட் ஒர்க்கர் விசாவில் போன மாசம்தான் ரெடிங் வந்தேன். வாரத்தில் மூணு நாள் வீட்டிலிருந்து வேலை. கம்பெனி ஒரு 14 இன்ச் லேப்டாப் மட்டும் கொடுத்திருக்கு. எக்செல்லையும் புரோகிராம் கோட்-ஐயும் குனிஞ்சு பார்த்து கழுத்து பிடிச்சுக்குது. ஆன்லைனில் 32 இன்ச் மானிட்டர் ஒண்ணு 130 பவுண்டுக்கு இருக்கு. வாங்கிடவா? மொத்தமா 200 பவுண்டு தாண்ட முடியாது.

பதில்: தம்பி, கார்டை வெளியே எடுக்கிறதுக்கு முன்னாடி மேனேஜருக்கு ஒரு மெயில் போடுங்க. இந்த ஊரில் 1992-லிருந்து டிஎஸ்இ விதிகள்னு இருக்கு, டிஸ்ப்ளே ஸ்கிரீன் எக்விப்மென்ட் விதிகள். தினமும் ஒரு மணி நேரமோ அதுக்கு மேலயோ தொடர்ந்து ஸ்கிரீன் பார்த்து வேலை செய்ற ஊழியருக்கு, உட்கார்ந்து வேலை செய்ற இடம் சரியா இருக்கான்னு முதலாளி மதிப்பீடு பண்ணியே ஆகணும். வீட்டிலிருந்து வேலை செய்றவங்களுக்கும் இது உண்டு. நீங்க கேட்டா கண் பரிசோதனைக்கும் அவங்கதான் காசு கொடுக்கணும்.

மானிட்டர் வாங்கிக் கொடுத்தே ஆகணும்னு சட்டத்தில் வரி எதுவும் இல்லை. ஆனா அந்த மதிப்பீட்டு ஃபார்மில் "லேப்டாப் ஸ்கிரீன் தாழ்வா இருக்கு, கழுத்து வலிக்குது"ன்னு எழுதிட்டா, அதைக் குறைக்க ஏதாவது செய்ற பொறுப்பு அவங்க தலையில் வந்துடும். ஆட்கள் பாதி நாள் ஆபீஸ் வராததால பல கம்பெனிகளின் ஸ்டோர் ரூமில் மானிட்டர்கள் சும்மா தூங்குது. ஐடி சப்போர்ட் டிக்கெட் ஒண்ணு போட்டாலே வீட்டுக்கு அனுப்பி வைக்கிற இடங்களும் உண்டு. புதுசா சேர்ந்த இடத்தில் கேட்டா தப்பா நினைப்பாங்கன்னு நம்ம ஆட்கள் வாயை மூடிட்டு இருப்பாங்க. இங்கே யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க. கேட்காம இருந்தா வலி இல்லைன்னுதான் எடுத்துப்பாங்க.

"பாலிசி இல்லை"ன்னு பதில் வந்தா மேலே படிங்க.

அந்த 130 பவுண்டு 32 இன்ச் வேண்டாம். விவரப் பட்டியலில் ரெசொல்யூஷன்னு (ஸ்கிரீனில் மொத்தம் எத்தனை புள்ளிகள்னு) ஒரு வரி இருக்கும், பாருங்க. அந்த விலைக்கு 32 இன்ச் புதுசுன்னா பெரும்பாலும் 1920×1080-ஆத்தான் இருக்கும். அதே புள்ளிகளைத்தான் 24 இன்ச் மானிட்டரிலும் போடுறாங்க. ஸ்கிரீன் பெருசாகும், ஆனா எக்செல்லில் ஒரு நெடுவரிசைகூட கூடுதலா தெரியாது. எழுத்து மட்டும் ஊதிப்போய்த் தெரியும்.

கணக்கு இதுதான். ஒரு இன்ச்சில் எத்தனை புள்ளிகள்னு பாருங்க. 24 இன்ச் 1080-ல் சுமார் 92. 27 இன்ச் 1080-ல் 82. 32 இன்ச் 1080-ல் 69 தான். 27 இன்ச்சில் 2560×1440 எடுத்தா 109. இதைத்தான் கியூஹெச்டி, 1440பி-ன்னு போட்டிருப்பாங்க. 32 இன்ச் கியூஹெச்டி மறுபடி 92-க்கு வந்துடும். 27 இன்ச் 4கே (3840×2160) 163, 32 இன்ச் 4கே 138.

கோட் மட்டும் பார்க்கிறவனுக்கு 82-ம் ஓடிடும். தமிழ் படிக்கிறவங்களுக்கு வித்தியாசம் உடனே தெரியும். 27 இன்ச் 1080-ல் ஒரு தமிழ் செய்தித் தளத்தைத் திறந்து சின்ன எழுத்தைப் பாருங்க. ண-வின் சுழிகள் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும், ன-வா ண-வான்னு பக்கத்து எழுத்தை வச்சுத்தான் ஊகிக்கணும். மெய்யெழுத்து மேல புள்ளி ஒரு சாம்பல் தூசி மாதிரி நிக்கும். அதே பக்கத்தை கியூஹெச்டியில் பார்த்தா புள்ளி புள்ளியா இருக்கும். சாயங்காலம் கண்ணு எரியறதுக்கு இதுவும் ஒரு காரணம்.

உங்க பட்ஜெட்டுக்கு 27 இன்ச், கியூஹெச்டி, ஐபிஎஸ் பேனல் (பக்கவாட்டில் பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாத ஸ்கிரீன் வகை). புதுசு சுமார் 150 முதல் 200 பவுண்டுக்குள்ள கிடைக்கும். 4கே 27 இன்ச் சில சமயம் 200-ஐ ஒட்டி இறங்கும், நவம்பர் கடைசியில் பிளாக் ஃபிரைடே சமயத்தில் பாருங்க. 4கே-யில் விண்டோஸ் ஸ்கேலிங்கை (எழுத்தைப் பெருசாக்குற செட்டிங்) 150 சதவீதம் வச்சா இடம் கியூஹெச்டி அளவுதான், எழுத்து மட்டும் இன்னும் கூர்மை. மேக்புக் வச்சிருக்கிறவங்க 4கே-க்கே போங்க. கியூஹெச்டியில் மேக் எழுத்து கொஞ்சம் மசமசன்னு இருக்கும்.

32-க்கு ஏன் தடை போடுறேன்னா மேசை. இங்கே ஃபர்னிஷ்டுன்னு சொல்லி வாடகைக்கு விடுற ரூம்களில் மேசை ஆழம் 50 சென்டிமீட்டர் இருந்தாலே பெரிசு. மானிட்டர் ஸ்டாண்டே அதில் 20 சென்டிமீட்டரைத் தின்னுடும். 27 இன்ச் அகலம் 60 சென்டிமீட்டர், 32 இன்ச் 71. கையை நீட்டினா விரல் ஸ்கிரீனைத் தொடுற தூரம் வேணும். அது இல்லாம 32-ஐ முகத்துக்கு முன்னாடி வச்சா, இப்ப குனிஞ்சு வர்ற கழுத்து வலி இனி திரும்பித் திரும்பி வரும். டேப் எடுத்து அளந்துட்டு முடிவு பண்ணுங்க.

அடுத்தது வயர். இதில்தான் நிறைய பேர் மாட்டிக்கிறாங்க. லேப்டாப்பில் யுஎஸ்பி-சி ஓட்டை இருக்குன்னா வீடியோ வரும்னு அர்த்தமில்லை. ஓட்டைக்குப் பக்கத்தில் டிஸ்ப்ளேபோர்ட் (ஹெச்டிஎம்ஐ மாதிரி இன்னொரு வீடியோ இணைப்பு) அடையாளமோ தண்டர்போல்ட் மின்னல் அடையாளமோ இருக்கான்னு பாருங்க. இல்லைன்னா லேப்டாப் மாடல் எண்ணைப் போட்டு விவரப் பட்டியலில் தேடுங்க. வீடியோ வரும்னா, 65 வாட் பவர் டெலிவரி இருக்கிற யுஎஸ்பி-சி மானிட்டர் சுகம்: ஒரே வயரில் படமும் சார்ஜும். ஆனா அந்த வசதிக்கு விலை ஏறும். 200-க்குள் அடங்கலைன்னா விட்டுடுங்க, ஒரு ஹெச்டிஎம்ஐ வயரும் லேப்டாப் சார்ஜரும் தனித்தனியா இருந்தா ஒண்ணும் குடி முழுகிடாது.

4கே வாங்கினா ஹெச்டிஎம்ஐ 2.0 ரெண்டு பக்கமும் இருக்கணும். 1.4-ல் 4கே 30 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 30 படம்) மட்டுந்தான், மவுஸ் அம்பு தவளை மாதிரி தாவும். ரெண்டு மானிட்டர் மாட்ட மலிவா ஒரு டாக் (லேப்டாப்பில் ஒரே வயரில் மாட்டி பல இணைப்புகள் எடுக்கிற பெட்டி) வாங்கலாம்னு நினைக்கிறவங்களுக்கு: டிஸ்ப்ளேலிங்க் வகை டாக்கா இருந்தா தனியா டிரைவர் போடணும். கம்பெனி லேப்டாப்பில் அட்மின் உரிமை உங்ககிட்ட இருக்காது. ஐடி ஆளுங்க சரின்னு சொன்னப்புறம் வாங்குங்க.

ஸ்டாண்டைப் பாருங்க. மலிவு மானிட்டர்களில் ஸ்டாண்ட் முன்னும் பின்னும் சாயும், உயரம் ஏறாது. ஸ்கிரீனின் மேல் விளிம்பு கண் மட்டத்திலோ அதுக்குக் கொஞ்சம் கீழேயோ இருக்கணும். உயரம் ஏறாத ஸ்டாண்டுக்கு அடியில் ரெண்டு தடி புத்தகம் வச்சு ஓட்டலாம், அதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை. இல்லைன்னா பின்னாடி 100×100 வீசா (VESA) துளைகள், அதாவது ஆர்ம் திருகுறதுக்கான நாலு ஓட்டைகள், இருக்கான்னு பார்த்து, மேசையில் கவ்வி மானிட்டரைத் தாங்குற ஆர்ம் ஒண்ணு வாங்குங்க. வாடகை வீட்டில் சுவரில் துளை போட்டா டெபாசிட்டில் கை வைப்பாங்க, அதனால வால் மவுண்ட் பேச்சே வேண்டாம். கண்ணாடி மேசையில் ஆர்ம் மாட்டாதீங்க.

144 ஹெர்ட்ஸ், வளைவு, ஹெச்டிஆர் 400 இதெல்லாம் பெட்டி மேல அச்சடிக்க. ஓசியா வந்தா வரட்டும். 34 இன்ச் அல்ட்ராவைட் பார்க்க அழகு; உயரம் 27 இன்ச் அளவுதான், முழு ஸ்கிரீனை ஷேர் பண்ணினா எதிர்ப்பக்கம் லேப்டாப்பில் பார்க்கிறவருக்கு மெல்லிசா ஒரு பட்டைதான் தெரியும்.

இப்ப என் சொந்தக் கருத்து: 200 பவுண்டு கையில் இருந்தா, புதுசா ஒரு சாதாரண மானிட்டரை விட ஆபீஸிலிருந்து கழிச்சுவிட்ட நல்ல மானிட்டர் மேல். கம்பெனிகள் சில வருஷத்துக்கு ஒரு தடவை மொத்தமா மாத்தும்போது டெல், ஹெச்பி, லெனோவோ ஆபீஸ் மாடல்கள் ரீஃபர்பிஷ்டு (பழசைச் சரிபண்ணி விற்கிற) கடைகளுக்கும் ஈபேக்கும் வந்து குவியும். ஸ்டாண்ட் ஏறும், இறங்கும், சுத்தும். விளம்பரத்தில் பெரும்பாலும் விவரமே போட மாட்டாங்க, "டெல் 27 இன்ச், குட் கண்டிஷன்"னு நிறுத்திடுவாங்க. பின்பக்க ஸ்டிக்கர் படம் ஒண்ணு அனுப்பச் சொல்லுங்க. டெல்லில் மாடல் எண்ணே ஜாதகம். யு2720கியூ-ன்னு இருந்தா: யு அல்ட்ராஷார்ப், 27 இன்ச், 2020 மாடல், கியூ-ன்னா 4கே. கடைசி எழுத்து டி-ன்னா கியூஹெச்டி, ஹெச்-ன்னா 1080. முதல் எழுத்து பி-ன்னா ஆபீஸ் வகை, அதுவும் உழைக்கும். ரொம்பப் பழைய மாடல்களில் கடைசி எழுத்தை நம்பாதீங்க. யு2715ஹெச் ஹெச்-ல் முடிஞ்சாலும் கியூஹெச்டிதான்.

நேரில் போய் எடுக்கிறதா இருந்தா உங்க லேப்டாப்பையும் வயரையும் தூக்கிட்டுப் போங்க. முழு ஸ்கிரீனுக்கு வெள்ளை, கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம்னு ஒவ்வொண்ணா விடுங்க. வெள்ளையில் மூலைகள் மஞ்சளடிக்குதா, டாஸ்க்பார் நிழல் அடியில் தங்கியிருக்கான்னு பாருங்க. அரை மணி நேரம் ஓடினப்புறம்தான் சில கோளாறு தலைகாட்டும், அதனால டீ குடிக்கக் கூப்பிட்டா உட்காருங்க. பார்க்காம முன்பணம் அனுப்பச் சொன்னா அந்த இடத்தை விட்டு நகருங்க.

தனி ஆள்கிட்ட வாங்கினா, அவர் சொன்ன மாதிரி பொருள் இருக்கணும்கிறதுக்கு மேல பெரிய பாதுகாப்பு கிடையாது. கடைன்னா கதை வேற. ஆன்லைனில் வாங்கினா, கையில் வந்ததிலிருந்து 14 நாளுக்குள்ள பிடிக்கலைன்னு காரணம் சொல்லாமலே ரத்து பண்ணலாம். கடைக்குள்ள போய் வாங்கினதுக்கு அந்த உரிமை சட்டப்படி இல்லை, கடையோட பாலிசிதான். பழுதுன்னா 2015 நுகர்வோர் உரிமைச் சட்டப்படி 30 நாளுக்குள்ள திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் வாங்கலாம், ரீஃபர்பிஷ்டுக்கும் அது உண்டு. ஒத்தை டெட் பிக்சலை (வேலை செய்யாத புள்ளியை) கம்பெனி பழுதுன்னு ஒத்துக்காம போகலாம். அதனால்தான் ஆன்லைன் நல்லதுன்னு சொல்றேன், 14 நாள் இருக்கில்ல. பெட்டியை அதுவரைக்கும் தூக்கிப் போடாதீங்க. வீடு மாறும்போதும் அதே பெட்டிதான் உதவும், முதல் வருஷம் எப்படியும் மாறுவீங்க.

கிரெடிட் கார்டு கிடைச்சுட்டா 100 பவுண்டுக்கு மேற்பட்ட பொருளை அதில் வாங்குங்க. செக்‌ஷன் 75-ன்னு ஒண்ணு இருக்கு, கடை ஏமாத்தினா கார்டு கம்பெனியும் பொறுப்பு. வந்த புதுசில் பெரும்பாலும் கிரெடிட் கார்டு தர மாட்டாங்க. டெபிட் கார்டா இருந்தா பேங்கில் சார்ஜ்பேக் (கடையிலிருந்து பணத்தைத் திரும்ப எடுத்துத் தரச் சொல்றது) கேட்கலாம், அது சட்ட உரிமை இல்லைன்னாலும் பல சமயம் நடக்கும்.

கேள்வி: தம்பி, நான் லெஸ்டர்ல இருக்கேன். 43 இன்ச் 4கே டிவி 200-க்குள்ள கிடைக்குது. அதையே மானிட்டரா வச்சுக்கலாமான்னு வீட்டுக்காரர் கேக்கிறார்.

பதில்: அக்கா, மேசை ஆழமா இருந்தா வைக்கலாம். 43 இன்ச் 4கே-யில் இன்ச்சுக்கு நூறு புள்ளி சொச்சம் வருது, எழுத்து கெடாது. ஆனா சில மலிவு டிவிகள் நிற விவரத்தைப் பாதியாக் குறைச்சுத்தான் காட்டும். வெள்ளைத் தாளில் சிவப்பு எழுத்து அடிச்சா ஓரம் பிசிறும். 4:4:4 (நிற விவரத்தைக் குறைக்காம முழுசா) காட்டுமா, பிசி மோட் இருக்கான்னு பார்த்து வாங்கச் சொல்லுங்க. பிரகாசத்தையும் நல்லா இறக்கணும், டிவி ஹாலுக்குச் செஞ்சது. லேப்டாப் தூங்கினா பல டிவிகள் மானிட்டர் மாதிரி உடனே தானா அணையாது, ரிமோட்டைத் தேடணும். டிவி லைசென்ஸ் பத்தியும் சொல்லிடறேன்: டிவி வீட்டில் இருக்கிறதுக்கு லைசென்ஸ் தேவையில்லை. சேனல்களை நேரலையில் பார்த்தாலோ பிபிசி ஐபிளேயர் பார்த்தாலோ தேவை, அது லேப்டாப்பில் பார்த்தாலும் சரி, நம்ம ஊர் சேனலா இருந்தாலும் சரி.

கேள்வி: அடுத்த மாசம் அப்பா அம்மா வர்றாங்க. சென்னையில் சும்மா கிடக்கிற 24 இன்ச்சை எடுத்துட்டு வரச் சொல்லவா?

பதில்: சொல்லாதீங்க. அந்த லக்கேஜ் எடையில் மிளகாய்த்தூளும் பருப்புப்பொடியும் வரட்டும். ஏற்கெனவே கொண்டு வந்துட்டவங்க யுனிவர்சல் அடாப்டரில் வருஷக்கணக்கா தொங்க விடாதீங்க. பல மானிட்டர்களில் பின்பக்கம் கழட்டுற மாதிரி மூணு முள் வயர்தான் இருக்கும், இங்கே கெட்டில் லீட்னு கேட்டா சில பவுண்டுக்குக் கிடைக்கும். மின்சாரம் ரெண்டு ஊரிலும் 230 வோல்ட்தான், பிளக் மட்டுந்தான் வேற.

கேள்வி: அண்ணா, மறுபடி நான்தான். மேனேஜர் பட்ஜெட் இல்லைன்னுட்டார். நீங்க சொன்ன மாதிரி தேடினதில் யு2719டி ஒண்ணு 90 பவுண்டுக்கு வந்திருக்கு, ஒரு ரீஃபர்பிஷ்டு கடையில். ஸ்டாண்ட் இல்லையாம். என் லேப்டாப்பில் யுஎஸ்பி-சி மின்னல் அடையாளத்தோட இருக்கு.

பதில்: எடுங்க. கியூஹெச்டி, ஐபிஎஸ், பின்னாடி 100×100 துளை இருக்கு. இதில் யுஎஸ்பி-சி கிடையாது, டிசி-யில் முடியற மாடலில்தான் உண்டு. அதனால யுஎஸ்பி-சியிலிருந்து டிஸ்ப்ளேபோர்ட் வயர் ஒண்ணு சேர்த்து ஆர்டர் போடுங்க. ஆர்ம் 30 பவுண்டு பக்கம் ஆகும். வாங்கறதுக்கு முன்னாடி மேசைப் பலகையின் தடிமனையும், பின் விளிம்புக்கும் சுவருக்கும் நடுவில் கவ்வி நுழைய இடம் இருக்கான்னும் பாருங்க. 130-க்குள்ள எல்லாம் முடிஞ்சுடும். மிச்சக் காசில் தனியா கீபோர்டும் மவுஸும் வாங்குங்க, லேப்டாப் கீபோர்டிலேயே தட்டினா மறுபடி குனிவீங்க. அப்புறம் அந்த டிஎஸ்இ ஃபார்மை விடாதீங்க; பட்ஜெட் இல்லைன்னு மேனேஜர் சொல்றது வேற, மதிப்பீடு வேற. ஹெச்.ஆருக்கு நேரா எழுதிக் கேளுங்க, நாற்காலிக்காவது வழி பிறக்கும்.