ஏற்காடு ஏறினால் 800 கொதிக்கிறது, ஆயில் கூலர் போடலாமா?

சேலத்துக்காரன்:
வணக்கம். என்கிட்ட பழைய மாருதி 800 இருக்கு. பெங்களூரு ரோட்டுல 80-ல போனாலும் சூடு காட்டுற முள் பாதியைத் தாண்டாது. ஏற்காடு மலையில மட்டும், இருபது கொண்டை ஊசி வளைவுல பன்னிரண்டு தாண்டுறதுக்குள்ள முள் சிவப்பைத் தொட்டுடுது. ரிசர்வ் டப்பால தண்ணி குமிழ் விடுது. பட்டறையில தெர்மோஸ்டாட்டை (இன்ஜின் சூடாகுற வரைக்கும் ரேடியேட்டருக்குத் தண்ணியை விடாத வால்வு) கழட்டி வீசிட்டாங்க, பிரயோஜனம் இல்ல. மச்சான் ஆயில் கூலர், அதாவது இன்ஜின் ஆயிலை ஆற வைக்கிற குட்டி ரேடியேட்டர், மாட்டச் சொல்றான். பழைய பீட்டில் காருக்கு ரேடியேட்டரே கிடையாது, புல்லட்டும் காத்துலயே ஓடுது. தண்ணி எதுக்குத்தான் இந்தத் தலைவலி? (ஊத்துறது எங்க வீட்டு போர் தண்ணி.)

மலைப்பாதை:
ஃபேன் சுத்துதா?

சேலத்துக்காரன்:
சுத்துதுங்க. நானே இறங்கிப் பார்த்தேன்.

பீட்டில் பைத்தியம்:
பீட்டிலைத் தப்பா புரிஞ்சிருக்கீங்க. அது சும்மா எதிர்க்காத்துல ஆறல. பெல்ட்ல சுத்துற ஒரு ஃபேன், தகர உறைக்குள்ள காத்தை அடைச்சு சிலிண்டரைச் சுத்தி இருக்குற ஃபின் (தகடு மாதிரி வரிகள்) மேல தள்ளும். அதே உறைக்குள்ள ஆயில் கூலரும் இருக்கு. அதனால காத்தும் ஆயிலும் சேர்ந்து ஆற வைக்குதுன்னு வெச்சுக்கோங்க. போர்ஷே 911 கூட 1998-ல காத்தை விட்டுட்டு தண்ணிக்கு வந்துடுச்சு. சிலிண்டருக்கு நாலு வால்வு வெச்ச ஹெட்டைக் காத்தால ஆற வைக்கிறது லேசுப்பட்ட வேலை இல்ல. எனக்கு அதுல இன்னும் வருத்தம்தான், அது வேற கதை.

பட்டறைக்காரன்:
தம்பி, ஒரு லிட்டர் தண்ணி ஒரு டிகிரி ஏறும்போது எவ்வளவு சூட்டை வாங்குதோ, அதை வாங்க ஏறக்குறைய 3500 லிட்டர் காத்து வேணும். இரண்டாவது கியர்ல ஊர்ந்து மலை ஏறுற காருக்கு அவ்வளவு காத்து எங்கிருந்து வரும்? புல்லட் இன்ஜின் வெளியில தெரியுது, ஒத்தை சிலிண்டர். உங்களது மூணு சிலிண்டர், பானெட்டுக்குள்ள அடைஞ்சு கிடக்கு.

ஆயில், தண்ணி வாங்குற சூட்டுல பாதியைக்கூட வாங்காது. ஆனா தண்ணி போக முடியாத இடத்துக்கு அது போகும்: பிஸ்டன் அடிப்பக்கம், கிராங்க் பேரிங். 100 டிகிரியில கொதிக்கவும் செய்யாது. 1985-ல சுசுகி ஜிஎஸ்எக்ஸ்-ஆர்750 பைக்ல எடை குறைக்கணும்னு ஆயிலாலேயே ஆற வெச்சாங்க, நல்லாவே ஓடுச்சு. அதுக்காகவே வடிவமைச்ச இன்ஜின் அது. உங்க 800-ல தண்ணி செய்ய வேண்டிய வேலையை ஆயில் கூலர் வந்து செய்யாது. காசை வெச்சுக்கோங்க.

சமதள ரோட்டுல சூடாகல, மலையில மட்டும் கொதிக்குது. எனக்கு ரேடியேட்டர் மூடி மேலதான் சந்தேகம். ஏற்காடு கிட்டத்தட்ட 1500 மீட்டர் உயரம், அங்க திறந்த பாத்திரத்துல தண்ணி 95 டிகிரியிலேயே கொதிச்சுடும். 0.9-னு (பார், அழுத்த அளவு) எழுதின மூடி ஒழுங்கா அழுத்தத்தைப் பிடிச்சா 115 தாண்டித்தான் கொதிக்கும். அந்த 20 டிகிரி உங்களுக்குக் கிடைக்கலன்னு நினைக்கிறேன். காலையில ஆறின வண்டியில மேல் ஹோஸைப் பாருங்க. மூடியைச் சூட்டுல மட்டும் திறந்துடாதீங்க, என் வலது முழங்கையில இன்னும் தழும்பு இருக்கு.

சேலத்துக்காரன்:
அண்ணே, பார்த்தேன். மேல் ஹோஸ் உறிஞ்சின ஜூஸ் பாக்கெட் மாதிரி ஒட்டிப்போய் இருக்கு. மூடியைத் திறந்ததும் "புஸ்"னு காத்தை இழுத்து உப்பிடுச்சு!

பட்டறைக்காரன்:
அதேதான். மூடி நடுவுல ஒரு குட்டி வால்வு இருக்கும். இன்ஜின் ஆறும்போது டப்பால இருந்து தண்ணியை அது உள்ள விடணும். உங்க போர் தண்ணி உப்பு படிஞ்சு ஒட்டிக்கிச்சு. அழுத்தத்தைப் பிடிக்கிற ஸ்பிரிங்கையும் விரலால அமுக்கிப் பாருங்க, லேசா இறங்கினா அதுவும் போச்சு. டப்பாவுக்குப் போற டியூப் அடைச்சிருந்தாலும் ஹோஸ் இப்படி ஒட்டும், வாயால ஊதிப் பார்த்துடுங்க. புது மூடி, தெர்மோஸ்டாட் திரும்பவும், ரேடியேட்டரைக் கழுவிட்டு கூலன்ட்டும் டிஸ்டில்ட் வாட்டரும் சரிபாதி.

சேலத்துக்காரன்:
டியூப் சுத்தமா இருந்துச்சு, ஸ்பிரிங்தான் தொளதொளன்னு இருந்துச்சு. எல்லாம் மாத்தி ஞாயித்துக்கிழமை நாலு பேரோட ஏறினேன். முள் பாதிக்குக் கொஞ்சம் மேல போய் நின்னுடுச்சு. தெர்மோஸ்டாட் இல்லாமலே ஓட்டலாமேன்னு மச்சான் இப்பவும் கேக்குறான்.

பட்டறைக்காரன்:
இன்ஜின் சூடாகவே நேரம் எடுக்கும், அதுவரைக்கும் பெட்ரோலைக் குடிச்சுக்கிட்டே ஓடும். பெட்ரோல் காசை மச்சான் தர்றாரான்னு கேளுங்க.