நடுராத்திரி நூடுல்ஸுக்கு மாற்று உண்டா? கலோரி குறையணும், வயிறும் நிறையணும்

இரவுப்பணி:
வயசு 38, சென்னையில் தனி அறை, வீட்டிலிருந்தே ராத்திரி ஷிஃப்ட். பன்னிரண்டரைக்குப் பசி வந்துடும். இண்டக்‌ஷன் அடுப்பில் ரெண்டு பாக்கெட் நூடுல்ஸ், ஏழு வருஷமா இதே கதை. போன மாசம் எச்பிஏ1சி (மூணு மாசச் சராசரி ரத்தச் சர்க்கரை) 6.1 வந்திருக்கு. ஆறு கிலோ குறைக்கணும், மைதாவைத் தொடாதேன்னு டாக்டர் சொல்லிட்டார். நீளமா, வழுவழுன்னு, உறிஞ்சிச் சாப்பிடுற மாதிரி வேற என்ன இருக்கு? சாலட்னு யாரும் சொல்லிடாதீங்க.

கீரைக்கட்டு:
ராகி நூடுல்ஸ், தினை நூடுல்ஸ் வாங்குங்க. கவலையில்லாம எவ்வளவு வேணா சாப்பிடலாம்.

சந்தகைக்காரி:
மேல சொன்னவங்க கோவிச்சுக்காதீங்க, அந்தக் 'கவலையில்லாம'தான் எனக்கு இடிக்குது. பொள்ளாச்சிப் பக்கம் ஒன்பது வருஷமா காலையில சந்தகை (அரிசியில பிழியற சேவை) போட்டு விக்கிறேன். "இது அரிசிதானுங்க அக்கா, எடை கூடாதுல்ல?"ன்னு கேக்காத ஆளில்லை. யாவாரம் கெட்டாலும் சொல்லிடுவேன், கூடுமுங்க. அரிசி, ராகி, கம்பு, கோதுமை, எதை அரைச்சாலும் 100 கிராம் மாவுக்கு 320-லிருந்து 360 கலோரிக்குள்ளதான் நிக்கும். ராகியில நார்ச்சத்து உண்டு, கால்சியம் உண்டு. நல்லதுதான். ஆனா கலோரி அங்கயேதான் இருக்கும்.

பாக்கெட் நூடுல்ஸ்ல இன்னொரு சங்கதி. பெரும்பாலும் அதை எண்ணெயில பொரிச்சுத்தான் காய வைக்கிறாங்க. மாவுச்சத்து ஒரு கிராமுக்கு 4 கலோரின்னா எண்ணெய்க்கு 9. எழுபது கிராம் பாக்கெட் சுமாரா 300, நீங்க திங்கறது ரெண்டு. அப்புறம், சிறுதானியம்னு கொட்டை எழுத்துல போட்ட பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்க. எது அதிகமோ அதைத்தான் பட்டியல்ல முதல்ல போடோணும். நான் பார்த்த பாதிக்கு மேல கோதுமை மாவுதான் முதல்ல நிக்குது, ராகி மூணாவதா எட்டிப் பாக்குது.

எங்க வீட்டுக்காரருக்கும் சர்க்கரை. அவருக்கு ராத்திரி நான் செய்யறது இதுதான்: 50 கிராம் அரிசிக்கு உண்டான சந்தகை, அவ்வளவுதான். அரிசியைத் தராசுல வெச்சே எடுப்பேன், கண்ணளவுன்னா கை தாராளமாப் போயிருமுங்க. அதோட 200 கிராம் பிஞ்சு சுரைக்காய், நடு விதையை விட்டுட்டு நீள நீளமாத் துருவினது. உப்புத் தூவிப் பத்து நிமிஷம் வெச்சுப் பிழிஞ்சிருங்க, இல்லாட்டிக் கூழாயிரும். ஒரு டீஸ்பூன் எண்ணெய், கடுகு, உளுத்தம்பருப்பு, பச்சை மிளகாய், ஒரு முட்டை. சுரைக்காயைக் கடைசி ரெண்டு நிமிஷம் மட்டும் பிரட்டினாப் போதும். தட்டு நிறைய வரும், மொத்தமும் 320 கலோரிக்குப் பக்கம்தான். உங்ககிட்ட அச்சு இருக்காது, கடையில காய்ஞ்ச அரிசி சேவை கிடைக்கும், அதுல 50 கிராம் எடுத்துக்குங்க.

ஒண்ணு மறந்துட்டேன். சுரைக்காயில ஒரு துணுக்கு பச்சையா நாக்குல வெச்சுப் பாருங்க. கசந்தா அப்படியே தூக்கிப் போட்டுருங்க. கசப்புச் சுரைக்காய் விஷம், வேக வெச்சாலும் போகாது.

இரவுப்பணி:
அக்கா, இவ்வளவு விவரமா எழுதினதுக்கு நன்றி. ஆனா சுரைக்காய்க்கும் எனக்கும் சின்ன வயசுலேயே ஆகாது. கொன்யாக் நூடுல்ஸ்னு ஆன்லைன்ல விக்கிறான், 100 கிராமுக்கு 10 கலோரியாம். ஏமாத்தா?

ஜூராங்வாசி:
ஏமாத்து இல்லை. ஜப்பான்காரங்க ஷிராத்தாக்கின்னு சொல்வாங்க, இங்கே சிங்கப்பூரில் சூப்பர் மார்க்கெட்லயே கிடைக்கும். நம்ம சேனைக்கிழங்குக்குப் பங்காளி முறையில் ஒரு கிழங்கு. அதன் மாவைத் தண்ணியில் கரைச்சு, சுண்ணாம்பு சேர்த்து உறைய வைக்கிறாங்க. கிட்டத்தட்ட எல்லாமே தண்ணிதான், மிச்சம் நார்ச்சத்து. பாக்கெட்டைப் பிரிச்சதும் மீன் வாடை அடிக்கும். முதல் தடவை கெட்டுப்போச்சுன்னு நினைச்சுக் குப்பையில் போட்டவன் நான். நல்லா அலசி, ரெண்டு நிமிஷம் கொதிக்க விட்டு, எண்ணெயில்லாத வாணலியில் ஈரம் வத்துற வரைக்கும் வறுங்க, வாடை போயிடும். புரதம் சுத்தமா இல்லை, முட்டையோ பனீரோ சேருங்க. நல்லா மென்னு சாப்பிடணும், நீங்க சொல்ற மாதிரி உறிஞ்சி முழுங்கக் கூடாது. சர்க்கரைக்கு மாத்திரை போடுறீங்கன்னா டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்குங்க.

சந்தகைக்காரி:
சேனைக்குப் பங்காளியா! இன்னைக்குத்தான் தெரியும். தம்பி, சுரைக்காய் ஆகாதுன்னா முட்டைக்கோஸை நீளவாக்குல அரிஞ்சு போடுங்க. ரோட்டுக்கடை நூடுல்ஸ்ல பாதி அதுதானே.

இரவுப்பணி (மூணு வாரம் கழிச்சு):
கொன்யாக் ரெண்டு பாக்கெட் வாங்கினேன். வாடையைப் போக்கிட்டேன், ஆனா ரப்பர் பேண்டை மென்ன மாதிரி இருந்தது, விலையும் கட்டுப்படியாகலை. இப்போ முட்டைக்கோஸ், 50 கிராம் சேவை, முட்டை, கொஞ்சம் மிளகுத்தூள். தராசும் வாங்கிட்டேன். முதல் நாள் கண்ணளவில் 50-னு எடுத்ததை நிறுத்துப் பார்த்தா 85 காட்டுச்சு! எடை ஒரு கிலோ இருநூறு இறங்கியிருக்கு. சனிக்கிழமை மட்டும் பழைய பாக்கெட், ஒண்ணே ஒண்ணு. அக்கா, சந்தகை அச்சு வாங்கலாம்னு இருக்கேன். எது நல்லது?

சந்தகைக்காரி:
இப்ப வாங்காதீங்க தம்பி. சூடு ஆறிட்டா மாவு அச்சுல இறங்காது, ஒருத்தர் பிடிக்க ஒருத்தர் அழுத்தோணும். அறைக்கு ஒரு கூட்டாளி வரட்டும், அப்புறம் பாத்துக்கலாம்.