கலோரி எண்ணிப் பட்ட அனுபவம்: உங்களுக்கு என்ன ஆயிற்று?

தண்டால்தாசன்:
ஒரு விஷயம் இன்னும் உறுத்துகிறது, இங்கே கொட்டிவிடுகிறேன். கட் (குறைத்துச் சாப்பிட்டுக் கொழுப்பை இறக்குவது), பல்க் (கூட்டிச் சாப்பிட்டுத் தசை ஏற்றுவது) எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். நான் இறங்கியது கட். அப்போது 82 கிலோ. பயிற்சியாளர் நாளுக்கு 1,200 கலோரி என்றார், தலையாட்டினேன். ஐந்தாவது வாரம், ஸ்குவாட், அதாவது பாரைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழுவது. போன மாதம் எட்டு முறை எடுத்த அதே எடை. மூன்றாவது முறை உட்கார்ந்தவன் எழவில்லை. பார் பாதுகாப்புக் கம்பியில் 'டங்'கென்று விழுந்தது, மொத்த ஜிம்மும் திரும்பிப் பார்த்தது. அவர் வந்து, "மனசு வைக்கணும் தம்பி" என்றார். எனக்குக் கை நடுங்கிக்கொண்டிருந்தது. காலையிலிருந்து சாப்பிட்டது 400 கலோரி இருந்தால் அதிகம். மனசை எங்கிருந்து வைப்பது? எடை 6 கிலோ இறங்கியிருந்தது, வாஸ்தவம்தான். சட்டை தோளில் தொளதொளத்தது, தொப்பை மட்டும் அப்படியே.

அரைக்கரண்டி:
எனக்கு நேர்மாறு. கலோரி எண்ணும் மொபைல் ஆப்பில் தினமும் 1,900தான், இரண்டு மாதமாக எடை அசையவில்லை. தைராய்டு பார்க்கலாமா என்றுகூட யோசித்தேன். ஒருநாள் வாணலியைத் தராசில் வைத்து, வழக்கம்போல எண்ணெய் ஊற்றினேன். 'ஒரு ஸ்பூன்' என்று நான் பதிந்துவந்தது 41 கிராம்! கிராமுக்கு 9 கலோரி, கிட்டத்தட்ட 370. அதுவும் நாளுக்கு இரண்டு முறை. அடுப்பைப் பற்றவைக்காமல் தராசு காட்டிய அந்த 41-ஐயே பார்த்துக்கொண்டு நின்றேன்.

கணக்குப்பிள்ளை:
தண்டால்தாசன், பழியைப் பயிற்சியாளர் தலையில் மட்டும் போடாதீர்கள். புரதம் எவ்வளவு என்று நீங்கள் சொல்லவே இல்லையே. என் கதை சின்னது: பல்க் என்ற பெயரில் நான்கு மாதம் கண்டதையும் தின்று 9 கிலோ ஏற்றினேன், ஷூ லேஸ் கட்டக் குனிந்தால் மூச்சு வாங்கியது. சரி, விஷயத்துக்கு வருகிறேன். உடல் எடையில் கிலோவுக்கு 1.6 கிராம் புரதம் என்று வைத்தால் உங்களுக்கு 130 கிராம் பக்கம் வரும். அதுவே 520 கலோரி. எத்தனை கலோரி தேவை என்று சொல்லும் சூத்திரத்தை மட்டும் நம்பாமல் இரண்டு வாரம் சாப்பிடுவதை எல்லாம் எழுதுங்கள், காலையில் எடை பார்த்து வாரச் சராசரி எடுங்கள். எடை நிலையாக நிற்கும் அளவிலிருந்து நாளுக்கு 300 முதல் 500 கலோரி குறைத்தால் போதும். ஒரு கிலோ கொழுப்பு ஏறக்குறைய 7,700 கலோரி, நாளுக்கு 500 குறைத்தால் அதற்கே 15 நாள் ஆகும். முதல் வாரம் சரசரவென்று இறங்குவதில் பெரும்பகுதி தண்ணீர், கிளைகோஜன் (உடல் சேமித்துவைக்கும் மாவுச்சத்து) ஒரு கிராம் போனால் கூடவே மூன்று கிராம் தண்ணீரும் போகும். அப்புறம், 'எரித்த கலோரி' என்று கைக்கடிகாரம் காட்டுவதை நம்பித் திரும்பச் சாப்பிடாதீர்கள். புதிதாக எடை தூக்குபவருக்குத் தசை ஏறிக்கொண்டே கொழுப்பும் இறங்கும், பழகியவருக்கு அது நத்தை வேகம்தான். நீங்கள் எத்தனை வருடமாக...

அரைக்கரண்டி:
கைக்கடிகாரத்தைப் பற்றிச் சொன்னது சரி. அதை நம்பி நான் தின்றது தனிக் கதை.

தண்டால்தாசன்:
சார், நான் அறிவுரை கேட்கவில்லை. புரதம் 50 கிராம் இருந்திருக்கும், ஒத்துக்கொள்கிறேன். இந்தக் கணக்கெல்லாம் தெரியாமல்தானே அவரிடம் பணம் கட்டிப் போனேன்? இப்போது 2,200 கலோரி. போன வாரம் அதே எடையை ஆறு முறை எடுத்தேன். அவர் பக்கத்து பெஞ்சில்தான் இருந்தார், போனைப் பார்த்துக்கொண்டு.