சவுண்ட் கார்டு கேபிள்: ஷீல்டை எந்த முனையில் இணைப்பது?

அனைவருக்கும் வணக்கம். ஆடியோ மிக்சரின் ஆர்சிஏ வெளியீட்டைக் கணினி சவுண்ட் கார்டின் 3.5 மி.மீ. லைன்-இன் துளையுடன் இணைக்கும் கேபிளை நானே சால்டரிங் செய்து தயாரித்துள்ளேன். ஒவ்வொரு சேனலுக்கும் இரண்டு உட்கம்பிகளும், அவற்றைச் சுற்றி வெளி இரைச்சலைத் தடுக்கும் பின்னல் உறையான ஷீல்டும் கொண்ட வயரைப் பயன்படுத்தி, ஒரு கம்பியைச் சிக்னலுக்கும் மற்றதைக் கிரவுண்டுக்கும் ஒதுக்கி, ஷீல்டை இரு முனைகளிலும் கிரவுண்டுடன் சேர்த்திருக்கிறேன். பதிவில் 50 ஹெர்ட்ஸ் (மின்விநியோக அதிர்வெண்) இரைச்சலும் அதன் மடங்குகளும் கேட்கின்றன.

மிக்சரும் கணினியும் மூன்று முள் பிளக் வழியாகத் தனித்தனியே எர்த் ஆவதால் கிரவுண்ட் லூப் (எர்த் கம்பிகளும் கேபிளின் கிரவுண்டும் சேர்ந்த மூடிய மின்சுற்று) உருவாகிறது என்று கருதுகிறேன். கணினிக்குப் பதிலாக பேட்டரியில் இயங்கும் மடிக்கணினியை இணைத்தால் இரைச்சல் நின்றுவிடுகிறது. ஷீல்டை ஒரு முனையில் மட்டும் இணைக்கும்படி பலர் கூறுகிறார்கள். ஆனால் ஷீல்டைத் துண்டித்தாலும் கிரவுண்ட் கம்பி இரு கருவிகளையும் இணைத்தே வைத்திருக்கும் என்பதால், லூப் எப்படி அறுபடும் என்பது எனக்கு விளங்கவில்லை. அப்படித் துண்டிப்பதில் பயன் உண்டெனில், ஷீல்டை மிக்சர் முனையில் வைப்பதா, சவுண்ட் கார்டு முனையில் வைப்பதா?

அல்லது நேரடிக் கம்பித் தொடர்பின்றிச் சிக்னலைக் கடத்தும் 1:1 ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர்தான் ஒரே வழியா? சிறிய டிரான்ஸ்ஃபார்மர்களில் தாழ்ந்த சுருதி ஒலிகள் சிதையக்கூடும் என்பதால் தயங்குகிறேன். எர்த் முள்ளை நீக்கும் யோசனையை மட்டும் தயவுசெய்து கூற வேண்டாம். அது உயிருக்கே ஆபத்தானது.