ஹாஸ்கிலின் மைனர் தட்டில் சாவு கேட்கிறதா?

கோடைமழை: நேற்று இரவு பியானோ கலைஞர் கிளாரா ஹாஸ்கிலின் மோட்சார்ட் இசைத்தட்டை மறுபடி போட்டேன். சோகமானவை என்று சொல்லப்படும் மைனர் சுரவரிசைகளில், டி மைனர், சி மைனர் என இரண்டு பியானோ கான்செர்ட்டோக்கள் (பியானோவும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிப்பவை), லாமுரே இசைக்குழு, நடத்தியவர் மார்க்கெவிச். பதிவானது 1960 நவம்பரில். டிசம்பர் 7 அன்று அவர் இறந்துவிட்டார். சாகப்போவது தெரிந்தே வாசித்திருக்கிறார். ஒவ்வொரு சுரத்திலும் அது கேட்கிறது.

பழைய ஊசி: எரிச்சலாக வருகிறது. அவர் நோயில் படுத்துச் சாகவில்லை. வயலின்காரர் குருமியோவோடு கச்சேரி வாசிக்கப் போன இடத்தில், பிரஸ்ஸல்ஸ் ரயில் நிலையப் படியில் தவறி விழுந்து, அந்த அடியில் போனார். டிசம்பரில் எந்தப் படியில் கால் இடறும் என்று நவம்பரிலேயே எப்படித் தெரியும்? ஜோசியம் பார்த்தாரா?

கோடைமழை: உள்ளுணர்வு என்று ஒன்று இருக்கிறது சார். 65 வயது, வளைந்த முதுகெலும்பு, வாழ்நாள் முழுக்க உடம்புத் தொல்லை. டி மைனரில் இசைக்குழு அடங்கியதும் பியானோ தனியாக நுழையும் இடத்தைக் கேளுங்கள். கனமே இல்லாமல் வைக்கிறார். விடைபெறுகிற ஆள்தான் அப்படி வாசிக்க முடியும்.

பழைய ஊசி: வளைந்த முதுகுக்கும் ரயில் நிலையப் படிக்கும் என்ன சம்பந்தம்? இதே டி மைனரை 1954இல் பௌம்கார்ட்னர் என்ற நடத்துநரோடும் பதிவு செய்திருக்கிறார். அதிலும் இதே நிதானம்தான். அந்தப் படி ஆறு வருஷம் முன்பே கண்ணுக்குத் தெரிந்துவிட்டதா?

மெட்டுக்காரன்: நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும். அந்த டி மைனர், மலர்ச்சியான டி மேஜர் சுரவரிசையில்தான் முடிகிறது. காற்றுக் கருவிகள் குஷியாக ஒரு மெட்டை எடுக்க, ஹார்னும் ட்ரம்பெட்டும் நடுநடுவே சீண்டும். சாவு வீட்டில் இப்படியா?

சி மைனர் ரசிகை: அதனால்தான் சொல்கிறேன், சி மைனர்தான் நேர்மையானது. கடைசி வரை மைனரிலேயே நிற்கிறது. ஓபோவும் கிளாரினெட்டும் சேர்ந்தே இருக்கிற ஒரே மோட்சார்ட் பியானோ கான்செர்ட்டோவும் அதுதான். அதைப் பற்றி இங்கே ஒருவர் வாய் திறக்கவில்லை. எப்போதும் டி மைனர், டி மைனர்.

மெட்டுக்காரன்: மைனர் என்பது நம் நடபைரவி ராகம்தானே. அதைச் சோகம் என்று முடிவுகட்டியது யார்?

பழைய ஊசி: நடபைரவியாம். டி மைனரில் சி ஷார்ப், அதாவது பெரிய நி, வந்து நிற்கிறதே, அது கீரவாணி ராகம். போன வருஷமும் இதே இடத்தில் மாட்டினீர்கள், சொல்லாமல் நழுவினீர்கள். நான் மறக்கவில்லை.

மெட்டுக்காரன்: நழுவவில்லை. உங்களோடு பேசினால் தலை வலிக்கும் என்று போனேன்.

பழைய ஊசி: சரி, போங்கள். கோடைமழைக்கு இன்னொன்று. இந்த டி மைனர் முதலில் அரங்கேறியது 1785 பிப்ரவரி 11, வியன்னாவில். அப்பா லியோபோல்ட் மகளுக்கு எழுதிய கடிதம் இருக்கிறது. அவர் வந்து சேர்ந்தபோதும் நகல் எடுப்பவர் எழுதிக்கொண்டே இருந்தாராம். கடைசிப் பகுதியை ஒருமுறை வாசித்துப் பார்க்கக்கூட மகனுக்கு நேரமில்லையாம். எழுதியவருக்கே அவ்வளவு அவசரம். வாசித்தவருக்கு அடி விழுந்தது ரயில் நிலையப் படியில். இதில் மரணம் எங்கிருந்து வந்தது? உங்கள் ஹெட்போனிலிருந்தா?

கோடைமழை: ஹெட்போன் இல்லை. என்னிடம் தட்டு இருக்கிறது, உங்களைப் போல.

பழைய ஊசி: மறுபதிப்பு.

கோடைமழை: அதையும் இதையும் ஏன் குழப்புகிறீர்கள்?

சி மைனர் ரசிகை: சி மைனரின் முதல் பகுதி எப்படி முடிகிறது என்று யாராவது கவனித்தீர்களா? பியானோவும் கூடவே வந்து, சத்தமே இல்லாமல்…

பழைய ஊசி: அதற்குத் தனித் திரி ஆரம்பியுங்கள் அம்மா. இங்கே பேச்சு படியைப் பற்றி.

கோடைமழை: இப்போதுதான் மறுபடி கேட்டுவிட்டு வருகிறேன். இன்னும் கேட்கிறது.

பழைய ஊசி: எது, ரயிலா?